கடிகாரப் பந்தயமும் புள்ளிக் கணக்கும்

கம்ப்யூட்டரின் மூளை எனப்படும் பிராசஸர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அது மணி காட்டும் கடிகாரம் அன்று. தாளம் போடும் கடிகாரம். ஒவ்வொரு துடிப்புக்கும் பிராசஸர் தன் வேலையில் ஓர் அடி முன்னே வைக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் என்றால் வினாடிக்கு 400 கோடித் துடிப்புகள். இந்த வேகத்தை நிர்ணயித்து விற்பவர் உற்பத்தியாளர். அவர் விதித்த எல்லையைத் தாண்டிக் கடிகாரத்தை விரட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

வாங்கிய கம்ப்யூட்டரிலிருந்து சற்றுக் கூடுதலாக வேலை வாங்கும் ஆசையில் பிறந்த இந்தப் பழக்கம் நாளடைவில் உலகளாவிய போட்டியாக வளர்ந்தது. போட்டி என்றால் வெற்றியாளர் வேண்டும், தரவரிசை வேண்டும், புள்ளிகள் வேண்டும். வேகத்தை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்க முடிகிற ஒரு துறையில், யார் சிறந்தவர் என்று சொல்வது எளிது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் அதுதான் மிகவும் கடினமாக இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

வேகத்தின் விலை

முதலில் இந்த விளையாட்டில் திறமைக்கு என்ன இடம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிராசஸர் செலவிடும் மின்திறன், துடிப்பு வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. 4 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் 100 வாட் செலவிடும் ஒரு பிராசஸரை 6 கிகாஹெர்ட்ஸுக்கு விரட்ட 1.6 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. மின்திறனோ ஏறத்தாழ 267 வாட் ஆகிவிடுகிறது. கட்டைவிரல் நகமளவுள்ள ஒரு சில்லில் இவ்வளவு வெப்பம் பிறந்தால் அதை உடனுக்குடன் அகற்றியாக வேண்டும்.

விசிறியும் தண்ணீரும் ஓரளவுக்குத்தான் உதவும். அதற்கு மேல் போக விரும்புவோர் பிராசஸரின் மீது ஒரு செப்புக் குவளையைப் பொருத்தி, அதில் –196 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். குளிர் மிகுந்தால் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிந்து மின்சுற்றுகளைக் கெடுக்கும். சில பிராசஸர்கள் ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே இயங்கவே மறுக்கும். ஆகவே வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் துடிப்பையும் ஒன்றுக்கொன்று இசைய நிறுத்துவது பயிற்சியாலும் பொறுமையாலும் வரும் கலை. தரவரிசை பாராட்ட வேண்டியது இந்தக் கலையைத்தான்.

எதை அளக்கிறோம்?

2011-ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனத்தின் எப்.எக்ஸ்.-8150 பிராசஸர், திரவ ஹீலியத்தின் துணையுடன் 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டு கின்னஸ் சாதனையாயிற்று. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இன்டெல்லின் கோர் ஐ9-13900கே 9 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. இவை வியக்கத்தக்க எண்கள். ஆனால் இவ்வகைச் சாதனைக்கு, அந்தத் துடிப்பு வேகம் பதிவாகும் சில கணங்களுக்கு இயந்திரம் உயிரோடிருந்தால் போதும். அந்த வேகத்தில் அது ஒரு பெரிய கணக்கைப் பிழையின்றி முடித்ததா என்பது வேறு கேள்வி.

எனவே கணக்குப் போட வைத்து நேரம் பார்க்கும் சோதனை நிரல்களும் போட்டியில் இடம் பெற்றன. அவற்றுள் புகழ்பெற்றது சூப்பர் பை. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் யசுமாசா கனடா குழுவினர் 1995-இல் பை என்னும் எண்ணை 400 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களுக்குக் கணிக்கப் பயன்படுத்திய நிரலின் வழித்தோன்றல் இது. இதன் புகழ்பெற்ற சோதனை, பையின் மதிப்பை 10,48,576 இலக்கங்களுக்குக் கணிப்பதாகும். கிராபிக்ஸ் கார்டுகளுக்கு 3டி மார்க் போன்ற நிரல்கள் உள்ளன.

இப்போதே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டதைக் கவனியுங்கள். கண நேர உச்ச வேகத்துக்கு மதிப்பா, முடித்த கணக்குக்கு மதிப்பா? இரண்டுக்கும் என்றால் எதற்கு எவ்வளவு? இதற்கு எந்த அளவுகோலும் விடை சொல்லாது. மனிதர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அளவுகோலே வளைந்தால்?

அளவுகோல் நேர்மையாக இருந்தால்தான் அதன்மேல் கட்டும் வரிசையும் நேர்மையாக இருக்கும். 2003-ஆம் ஆண்டு மே மாதம், 3டி மார்க் 03 நிரலை உருவாக்கிய பின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் தன் நிரலை அடையாளம் கண்டுகொண்டு குறுக்குவழியில் போகிறதா என்று அது சோதித்திருந்தது. அந்தக் குறுக்குவழிகளை அடைத்ததும் என்விடியா நிறுவனத்தின் ஜியிபோர்ஸ் எப்.எக்ஸ். 5900 அல்ட்ரா கார்டின் மதிப்பெண் 24.1 சதவீதம் இறங்கியது. ஏ.டி.ஐ. நிறுவனத்தின் கார்டுக்கும் 1.9 சதவீதம் குறைந்தது. சில நாட்களில், ஜூன் மாதத்தில், இரு தரப்பும் கூட்டறிக்கை விட்டு, என்விடியா செய்ததை ‘ஏமாற்று’ என்று சொல்லாமல் ‘நிரலுக்கேற்ற மேம்பாடு’ என்ற பெயரால் குறித்தன. இறங்கிய சதவீதம் மாறவில்லை. அதன் பெயர்தான் மாறிற்று.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. விண்டோஸ் 8 இயங்கிக்கொண்டிருக்கும்போதே இன்டெல் கம்ப்யூட்டரின் அடிப்படைத் துடிப்பைக் குறைத்தால், விண்டோஸ் நேரம் கணக்கிடும் கடிகாரமும் கூடவே மெதுவாகிவிட்டது. ஓட்டக்காரர் ஓடும்போது நடுவரின் கைக்கடிகாரம் மெல்ல நடந்தால் என்ன ஆகும்? ஓட்டம் வேகமானதாகத் தெரியும். ஓவர்கிளாக்கிங் தரவரிசையை நடத்திவந்த ஹெச்.டபிள்யூ.பாட் என்ற அமைப்பு, விண்டோஸ் 8-இல் பெற்ற முடிவுகளை ஏற்க மறுத்தது. நேரத்தைத் தனியே சரிபார்க்கும் பெஞ்ச்மேட் போன்ற நிரல்கள் பின்னாளில் வந்தன. இந்த முடிவைக் குறை கூற இடமில்லை. நேர்மையாக விளையாடியோரும் பாதிக்கப்பட்டனர் என்றாலும், பிசகிய கடிகாரம் காட்டிய நேரத்தை வைத்து யாரையும் முன்னே நிறுத்த முடியாது.

அளவிலிருந்து புள்ளிக்கு

பெல்ஜியத்தில் தொடங்கிய ஹெச்.டபிள்யூ.பாட்டின் புள்ளி முறைதான் இத்துறையில் மிகுதியும் விவாதிக்கப்பட்டது. அதன் அடிப்படை இதுதான். ஒரே மாடல் பிராசஸரையோ கார்டையோ பயன்படுத்தியவர்களுக்குள் ஒரு வரிசை. மாடல் வேறுபாடு பாராமல் உலக அளவில் இன்னொரு வரிசை. பிராசஸர் சோதனைகளில் உட்கருக்களின் எண்ணிக்கையைக் கொண்டும் பிரித்தார்கள். ஒரு வரிசையில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்களோ அதைப் பொறுத்து முதலிடத்தின் புள்ளியும் கூடும்.

இதில் நியாயம் இருக்கிறது. 900 பேரை வெல்வது 9 பேரை வெல்வதைவிடக் கடினம். கூட்டத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், எவரும் சீண்டாத பழைய கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்துத் தனி ஆளாக ஓடி முதற்பரிசு வாங்கிவிடலாம். ஆனால் கூட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்டவை.

முதலாமவர், 900 பேர் போட்டியிட்ட ஒரு மாடலில் முதலிடம் பெற்றார். இரண்டாமவர், தலா 9 பேர் போட்டியிட்ட ஐந்து அரிய மாடல்களில் முதலிடம் பெற்றார். ஆட்களின் எண்ணிக்கையையே புள்ளியாகக் கொடுத்தால் முதலாமவருக்கு 900, இரண்டாமவருக்கு 45. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைக் கொடுத்தால் 30-ம் 15-ம். பத்தின் அடிப்படையிலான மடக்கையைக் கொடுத்தால் முதலாமவருக்கு 2.95, இரண்டாமவருக்கு 4.77! இருவர் செய்ததிலும் ஒரு மாற்றமும் இல்லை. சூத்திரம் மாறியது, வெற்றியாளரும் மாறிவிட்டார்.

இம்முறையில் வேறொரு குறையும் உண்டு. இது இடத்தைப் பார்க்கிறது, இடைவெளியைப் பார்ப்பதில்லை. சூப்பர் பையில் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கால் முந்தியவருக்கும், அரை வினாடியால் முந்தியவருக்கும் ஒரே புள்ளிதான். மேலும், இன்று நீங்கள் பெற்ற இடத்துக்கு மேலே நாளை புதியவர்கள் வந்து அமர்ந்தால் உங்கள் புள்ளி இறங்கும். உங்கள் இயந்திரம் போட்ட கணக்கும் எடுத்த நேரமும் அப்படியேதான் இருக்கும்.

தடகளம் தரும் பாடம்

விளையாட்டு உலகில் இந்தச் சிக்கல் புதியதன்று. டெகத்லான் என்னும் பத்து நிகழ்ச்சிப் போட்டியில் ஓட்டத்தின் வினாடியையும் தாவலின் உயரத்தையும் கூட்ட முடியாது. அட்டவணை ஒன்றின் மூலம் எல்லாவற்றையும் புள்ளிகளாக மாற்றுகிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டேலி தாம்சன் பெற்றது 8797 புள்ளிகள். மேற்கு ஜெர்மனியின் யுர்கன் ஹிங்சனின் உலக சாதனை 8798. தடை ஓட்டத்தின் இறுதிக் கணத்தைக் காட்டும் புகைப்படத்தைப் பின்னாளில் மீண்டும் ஆராய்ந்ததில் தாம்சனுக்கு ஒரு புள்ளி கூடி இருவரும் சமமாயினர். இதற்கிடையே 1985-இல் புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதன்படி தாம்சனுக்கு 8847, ஹிங்சனுக்கு 8832. அன்று ஓடிய ஓட்டத்தையும் எறிந்த எறிதலையும் மறுபடி செய்யாமலே சாதனை ஒருவர் கைக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்தது.

ஆயினும் டெகத்லான் அட்டவணைக்கு ஒரு சிறப்பு உண்டு. இன்ன நேரத்துக்கு இத்தனை புள்ளி என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இன்றைய அட்டவணையில் 100 மீட்டரை 11.00 வினாடியில் ஓடினால் 861 புள்ளி, 10.90 வினாடியில் ஓடினால் 883. பக்கத்தில் எத்தனை பேர் ஓடினார்கள் என்று அது கேட்பதில்லை. ஓவர்கிளாக்கிங்குக்கு இத்தகைய நிலையான அட்டவணையை அமைப்பது கடினம் என்பது உண்மையே. மனிதக் கால் நூறாண்டுக்குச் சில விழுக்காடுதான் வேகம் கூடுகிறது. பிராசஸரோ இரண்டொரு ஆண்டில் மாறிவிடுகிறது. ஆனால் ஒரே மாடலுக்குள் நடக்கும் போட்டிக்காவது, பெட்டியில் வந்த வேகத்தைவிட எத்தனை விழுக்காடு உயர்த்தினார் என்பதற்குப் புள்ளி தருவதைப் பரிசீலிக்கலாம் அல்லவா?

பணப்பையின் எடை

ஒரே ஆலையில், ஒரே மாடலாகப் பிறந்த பிராசஸர்கள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. உற்பத்தியின்போது ஏற்படும் மிகச் சிறிய வேறுபாடுகளால் ஒன்று அதிக வேகம் தாங்கும், இன்னொன்று தாங்காது. ஆகவே வசதி படைத்தவர் இருபது வாங்கிச் சோதித்துச் சிறந்த ஒன்றை வைத்துக்கொள்வார். ஒன்றே ஒன்று வாங்கிய மாணவர் கிடைத்ததைக் கொண்டு விளையாடுவார். நிறுவனங்களின் ஆதரவு பெற்றவருக்கு உதிரிகள் இலவசமாகவே வரும்.

இதை உணர்ந்துதான் திரவ நைட்ரஜன் பயன்படுத்துவோரை ஒரு பிரிவாகவும், காற்றும் தண்ணீரும் கொண்டு குளிர்விப்போரை வேறு பிரிவாகவும் ஹெச்.டபிள்யூ.பாட் பிரித்தது. ஒரே பிராசஸரை நண்பர்கள் கைமாற்றி ஆளுக்கொரு முடிவு பதிந்து எல்லாரும் புள்ளி பெறுவதையும் தடை செய்தது. குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது, பாராட்டுக்குரியது. ஆனால் குளிர்விக்கும் முறையைப் பிரிக்க முடிந்ததே தவிர, பணப்பையை முழுவதும் பிரிக்க முடியவில்லை. பல உதிரிகளில் பெற்ற புள்ளிகளைக் கூட்டி ஒருவரின் மொத்தத் தரத்தைக் கணக்கிடும் வரையில், அதிகம் வாங்க முடிந்தவரே மேலே ஏறுவார். சிறந்த சில முடிவுகளை மட்டும் கூட்டுவது இந்தக் குறையைத் தணிக்கும், போக்கிவிடாது.

நியாயமான வரிசை எது?

இதனால் புள்ளி முறையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. புள்ளி இல்லாவிட்டால் உச்சியிலுள்ள சிலரைத் தவிர மற்றவர்களுக்கு முயற்சி செய்ய ஊக்கமே இராது. பழைய பிராசஸரைக் கொண்டு அரிய வேலை செய்த மாணவரை உலகம் அறிய வழியும் இராது. நாம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒத்தவற்றை ஒத்தவற்றோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, சூத்திரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதை மாற்றும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். ஹெச்.டபிள்யூ.பாட் தன் விதிகளைப் பலமுறை திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண் கொடுத்து அறிவித்தது இந்த வகையில் நல்ல முன்மாதிரி. மூன்றாவது, புள்ளிக்குப் பக்கத்தில் உண்மையான அளவும் எப்போதும் இருக்க வேண்டும். இத்தனை வினாடி, இத்தனை மெகாஹெர்ட்ஸ், இன்ன குளிர்விப்பு என்ற விவரம் அழியாமல் இருந்தால், நாளை சூத்திரம் மாறினாலும் இன்றைய உழைப்பு காணாமற்போகாது. வேறு சூத்திரத்தை நம்புகிறவர் தாமே கணக்கிட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றில் மூன்றாவதையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். வினாடி என்பது இயற்கையை அளந்து பெற்றது. புள்ளி என்பது சில மனிதர்கள் கூடி எடுத்த முடிவு. முன்னதில் பிழை இருந்தால் கருவியைத் திருத்தலாம். பின்னதில் பிழை இருந்தால் விவாதித்துத்தான் திருத்த முடியும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட்டால், விவாதிக்க வேண்டிய ஒன்றை இயற்கை விதி என்று ஏற்றுக்கொண்டு வாளாவிருந்துவிடுவோம்.

அடுத்த முறை எந்தத் தரவரிசைப் பட்டியல் உங்கள் கைக்கு வந்தாலும், அது கம்ப்யூட்டர்களைப் பற்றியதாயினும் கல்லூரிகளைப் பற்றியதாயினும், முதலிடம் யாருக்கு என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். எதை அளந்தார்கள், எந்தச் சூத்திரத்தால் கூட்டினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, சூத்திரத்தைச் சற்றே மாற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள். அப்போதும் முதல்வர் முதல்வராகவே இருந்தால், அவர் பெற்ற இடத்தை நீங்கள் தயங்காமல் நம்பலாம்.