கேட்கும் தாயும் படிக்கும் தாயும்: தன்முன்னேற்ற நூல்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ் நூல் விற்பனையகம் ஒன்றனுள் நுழைவோர் கண்ணில் முதலில் படும் அடுக்குகளுள் தன்முன்னேற்ற நூல்களின் அடுக்கும் ஒன்றாகும். காலத்தைப் பேணுதல், கவலையை வெல்லுதல், பிள்ளைகளைப் பேறுடையோராக வளர்த்தல் முதலிய பொருள்களில் தமிழிலேயே எழுதப்பட்டனவும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டனவுமாக இவை பல்கியுள்ளன. எனினும், திறனாய்வாளர்கள் இவற்றைப் பெரும்பாலும் இலக்கிய எல்லைக்குப் புறத்தே நிறுத்திவிடுகின்றனர். அதனால், பலர் படிக்கும் நூல்வகை ஒன்று சிலராலேனும் ஆராயப்படாமற் போகின்றது.

மலேசியாவில் பெண்கள் தொழிற்படையில் பங்கேற்கும் விகிதம் 2019ஆம் ஆண்டிலேயே 55 விழுக்காட்டைக் கடந்திருந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுள்ளும் பெண்களே மிகுதி. விடியுமுன் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் பராமரிப்பு மையத்திற்கும் அனுப்பி, பாடம் நடத்தி, புறப்பாட நடவடிக்கை முடித்து, இரவில் பயிற்சிப் புத்தகம் திருத்தும் தாய் ஒருத்தி தன்முன்னேற்ற நூலைக் கையில் எடுத்தால் அந்நூல் அவளை யாராகக் கருதிப் பேசுகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இரண்டு ஊற்றுகள்

இந்நூல்வகைக்கு இரண்டு ஊற்றுகள் உள்ளன. சாமுவேல் ஸ்மைல்சின் 'செல்ஃப் ஹெல்ப்' 1859இல் இலண்டனில் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'நீதிநூல்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். முன்னது, எளிய குடியிற் பிறந்த பொறிஞர், கைவினைஞர், கண்டுபிடிப்பாளர் ஆகியோர் தம் முயற்சியால் உயர்ந்த வரலாறுகளைக் கூறுவது. பின்னது, தமிழ் அறநூல் மரபில் நின்று புதிய காலத்திற்கேற்ப அறம் உரைப்பது. முன்னதன் நாயகன் உழைக்கும் ஆண்மகன். பின்னதன் ஆசிரியரோ பெண்களுக்கெனப் 'பெண்மதி மாலை' என்னும் நூலைத் தனியே இயற்றிப் பெண்கல்விக்கு வாதாடியவர்.

வேதநாயகரின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) இங்கு நினைக்கத்தக்கது. அக்கதையில் அறிவாற்றலில் கணவனை விஞ்சி நிற்கும் ஞானாம்பாள், தன் ஆளுந்திறத்தை முழுமையாக வெளிப்படுத்துவது ஆண்வேடம் பூண்டு அரசனாக வீற்றிருக்கும் பகுதியிலேயே. பெண்ணின் அறிவை ஐயமின்றி ஏற்ற ஆசிரியருக்கும் அவ்வறிவு செயற்பட ஓர் ஆணின் உடை தேவைப்பட்டது. பின்வந்த தன்முன்னேற்ற நூல்கள் பலவும் தாய்க்கு இத்தகைய ஓர் உடையையே நீட்டுகின்றன எனலாம்.

தேநீர் வைப்பவர் யார்?

காலத்தைப் பேணுதல் குறித்த நூல்களுக்கு முன்னோடி, அர்னால்ட் பெனட் 1908இல் வெளியிட்ட, நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தில் வாழ்வது எப்படி என்னும் சிறுநூல். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரே அளவு நேரமே வழங்கப்படுகின்றது. செல்வர்க்கு மிகுதியாகவோ வறியவர்க்குக் குறைவாகவோ அது கிடைப்பதில்லை என்பது அதன் அடிப்படைக் கருத்து. இக்கருத்து இன்றும் மேடைகளில் சிறு மாற்றமுமின்றி ஒலிக்கின்றது.

பெனட் கருதிய வாசகன் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை அலுவலகத்தில் இருப்பவன். எஞ்சிய பதினாறு மணி நேரமும் அவனுக்கே உரியது என்பது ஆசிரியரின் கணக்கு. வாரத்தில் மூன்று மாலைகளில் ஒன்றரை மணி நேரத்தை மனவளர்ச்சிக்கு ஒதுக்குமாறு அவர் பரிந்துரைக்கிறார். வைகறையில் எழுவதற்கும் வழி கூறுகிறார். பணிப்பெண் எழுமுன் தேநீர் கிடைக்காதே என்று கவலுற வேண்டா. வேண்டிய பொருள்களை அவளே முந்திய இரவு தட்டில் எடுத்து வைக்குமாறு செய்யலாம் என்பது அவர் காட்டும் உபாயம்.

இச்சிறு குறிப்பு நூலின் அடித்தளத்தையே புலப்படுத்துகின்றது. ஒருவரின் இருபத்துநான்கு மணி நேரம் அவருக்கே உரியதாக இருக்க, மற்றொருவரின் நேரம் அவர்பொருட்டுச் செலவாக வேண்டும். தட்டை எடுத்து வைத்த பெண்ணின் இருபத்துநான்கு மணி நேரத்தைப் பற்றி நூல் பேசவில்லை. இந்நூலையும் இதன் வழிவந்த நூல்களையும் படிக்கும் தாய், படிப்பவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறாள். வாழ்க்கையிலோ அவள் தட்டு வைப்பவள் இடத்தில் நிற்கிறாள். அறிவுரை பலிக்காதபோது பிழை நூலில் உள்ளதென அவள் எண்ணுவதில்லை. தன் மனவுறுதியில் உள்ளதென எண்ணிக் குற்றவுணர்வு கொள்கிறாள். இந்நூல்வகை தாய்மாருக்கு இழைக்கும் உண்மையான தீங்கு இதுவே.

மடல் எழுதுவோரும் பெறுவோரும்

தமிழ் ஊற்றின் வழிவந்த நூல்கள் வேறொரு நிலையைக் காட்டுகின்றன. திரு.வி.க.வின் 'பெண்ணின் பெருமை' (1927) தாய்மையை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றியது. மு. வரதராசனாரின் 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' ஆகிய மடல் நூல்கள் நம் நாட்டுத் தமிழாசிரியர் பலரின் இளமைக்கால வாசிப்பில் இடம்பெற்றவை. எளிய நடை, சமூகக் கவலை, பரிவு ஆகியவற்றால் அவை இன்றும் படிக்கத்தக்கன.

ஆயினும் வடிவத்தை நோக்குக. 'அன்னைக்கு' என்னும் நூலில் மடல் வரைவோன் மகன், பெறுபவள் தாய். 'தங்கைக்கு' நூலில் வரைவோன் தமையன். உலகைக் கண்டு, சிந்தித்து, தெளிந்து எழுதும் பொறுப்பு ஆண்மக்களிடமும், பெற்றுப் படித்து உணரும் பொறுப்பு பெண்களிடமும் அமைகின்றது. மு.வ. பெண்களைத் தாழ்வாகக் கருதினார் என்று இதனாற் கூறுவது பொருந்தாது. அறிவுரை எத்திசையில் பாயும் என்பதில் அக்காலச் சூழல் கொண்டிருந்த எண்ணத்தை வடிவம் தன்னையறியாமல் காட்டிவிடுகின்றது என்பதே இங்குச் சுட்டப்படுவது.

இவ்வெண்ணத்தின் வேரைக் குறள் உரைமரபில் காணலாம். மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்டுத் தாய் மகிழ்வதைச் சொல்லும் குறளுக்கு (69) உரை வகுத்த பரிமேலழகர், பெண் தன் இயல்பால் தானாக அறியமாட்டாள் ஆதலின், பிறர் சொல்லக் கேட்க வேண்டியிருந்தது என்னும் கருத்துப்பட விளக்கினார். பிற்கால உரையாளர் பலர் இவ்விளக்கத்தை மறுத்துள்ளனர். மூலத்தில் இல்லாத ஒன்றை உரை ஏற்றிவிட்டது என்னும் மறுப்பு தகுதியுடையதே. ஆனால், உரை மறுக்கப்பட்ட பின்னும் அதன் மனநிலை மறையவில்லை. தாய் தானாக அறியாள், அவளுக்குச் சொல்ல வேண்டும் என்னும் எடுகோள், 'வெற்றிகரமான தாயாவது எப்படி' என்னும் போக்கிலமைந்த நூல்களில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கின்றது. அந்நூல்களில் முன்னேற்றம் பிள்ளைக்குரியது. தாய் அதற்குரிய கருவி.

ஒரு தந்தையின் ஒப்புதல்

தமிழிலும் பரவலாகப் படிக்கப்படும் ஸ்டீபன் கோவி, 'ஏழு பழக்கங்கள்' குறித்த நூலை 1989இல் வெளியிட்டார். 1994இல் ரோஜர் மெரில், ரெபெக்கா மெரில் ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய 'ஃபர்ஸ்ட் திங்ஸ் ஃபர்ஸ்ட்' என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. கைக்குழந்தையுடன் இருந்த அவருடைய மகள், எடுத்த பணிகள் எவற்றையும் செய்ய இயலவில்லை என்று வருந்துகிறாள். அவர் அவளுக்குப் புதியதோர் அட்டவணையைக் கற்பிக்கவில்லை. நாட்குறிப்பை மறந்துவிடுமாறும், திட்டமிடும் கருவிகள் குற்றவுணர்வையே தருமாயின் அவற்றைக் கைவிடுமாறும், குழந்தையுடன் இருக்கும் பொழுதை மகிழ்ந்து ஏற்குமாறும் கூறுகிறார்.

காலத்தைத் திட்டமிடக் கற்பித்த ஆசிரியரே, தம் மகள் தாயானபோது திட்டக்குறிப்பேட்டை மூடிவைக்கச் சொன்னார் என்பது இந்நூல்வகையின் வரலாற்றில் நேர்மையான ஒப்புதலாகும். ஆனால், அது பாதி விடையே. குழந்தையுடன் இருப்பதை முதன்மையானதாகக் கொள்க என்னும் அறிவுரை குற்றவுணர்வைத் தணிக்கின்றது. அம்மகள் செய்ய விழைந்த பணிகள் என்னவாயின என்னும் வினாவுக்கு விடை தரவில்லை. அவற்றை மேற்கொள்ள அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டுமாயின், அவ்வேளையில் குழந்தையைத் தாங்கும் கை யாருடையது? தன்முன்னேற்ற நூல் வழக்கமாகக் கேட்கத் தவறும் வினா இது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் சிறுகதை இவ்வினாவை நேரே எழுப்புகின்றது. சமையலறையே தன் ஆட்சிப் பரப்பென வாழ்ந்த மூத்த பெண்ணிடம், அதற்கு அப்பாலும் அவளுக்கு வாழ்வு உண்டு என்று மருமகள் உணர்த்துகிறாள். அங்கு அறிவுரைப் பட்டியல் ஏதுமில்லை. எனினும், தாய் ஒருத்தி தன் நிலையைத் தானே அறிவதற்கு அக்கதை செய்யும் உதவி பல தன்முன்னேற்ற நூல்கள் செய்யும் உதவியினும் பெரிது.

உடைந்த பொழுதுக்கு உரிய வாசிப்பு

தாயின் பொழுது துண்டுபட்ட பொழுது. உலை கொதிக்கும் வரை, குழந்தை உறங்கும் வரை, பேருந்து வரும் வரை என்றே அது கிடைக்கின்றது. இவ்வுண்மையை ஏற்று எழுந்த வடிவங்கள் தமிழில் உள்ளன. 'கல்கண்டு' இதழில் லேனா தமிழ்வாணன் எழுதிய ஒரு பக்கக் கட்டுரைகள் அவற்றுள் ஒன்று. வாசகரின் நேரத்தை மதித்த வடிவம் என்ற அளவில் அது பாராட்டுக்குரியது. இவ்வடிவம் கட்டளைகளின் தொகுப்பாகச் சுருங்கும் இடத்தில் மட்டும், ஏற்கெனவே நீண்ட வேலைப்பட்டியலில் மேலும் ஒன்றைச் சேர்ப்பதாகிவிடும்.

இவ்வகையில் குறளுக்கு நிகரான வடிவம் அரிது. 1949இல் வந்த மு.வ. தெளிவுரையின் கையடக்கப் பதிப்பு எத்தனையோ கைப்பைகளில் இடம்பெற்ற நூல். ஒரு குறளைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அதனோடு நாள் முழுதும் இருக்கலாம். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய அதிகாரங்கள் பொருட்பாலில் அரசியலின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. இல்லாளுக்கென உரையாளர்கள் காட்டும் இடமோ அறத்துப்பாலின் இல்லறவியல். படிக்கும் தாய் இந்த வேலியைக் கடந்து, அரசனுக்குரியதெனப்பட்ட அதிகாரங்களையும் தனக்கெனப் படிக்கலாம். அதற்கு ஞானாம்பாளைப் போல வேடம் பூண வேண்டியதில்லை.

வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) வாழ்வும் இங்குப் பாடமாகின்றது. ஐந்து வயது கடந்த அளவில் மணமுடிக்கப்பட்ட அவர், எழுதப் பழகாதிருந்த நிலையில் 'இந்திர மோகனா' நாடகத்தைச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைப் படைத்தார். அவருடைய 'தன்' முன்னேற்றம் மற்றொருத்தியின் கையெழுத்தில் தொடங்கியது. தனியொருத்தியின் மனவுறுதியை மட்டுமே பேசும் நூல்கள் மறைத்துவிடும் உண்மை இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தாய்மாருக்கெனப் பரிந்துரைக்கப்படும் தன்முன்னேற்ற நூல் ஒன்றை மதிப்பிட மூன்று வினாக்கள் பயன்படும். அந்நூல் கருதும் வாசகருக்குத் தேநீர் வைத்துத் தருபவர் யார்? இடையீடுபட்ட பொழுதை அது தோல்வியாகக் கருதுகின்றதா, வாழ்வின் இயல்பாக ஏற்கின்றதா? பிள்ளையின் வெற்றிக்கு அப்பால் தாய்க்கென ஒரு மனம் உண்டென்பதை அது அறிந்திருக்கின்றதா?

இந்நூல்களை முற்றாகப் புறந்தள்ளுவது முறையன்று. கேட்டறிய ஒருவரும் இல்லாத பெண்ணுக்கு ஐந்து வெள்ளி நூல் ஒன்று துணையாக நின்றிருக்கலாம். அத்துணையை எள்ளுவது கற்றோர்க்கு அழகாகாது. ஆனால், அதனைத் தெரிந்து கொடுப்பதில் ஆசிரியர்களுக்குப் பொறுப்புண்டு. 1990களின் இறுதியில் தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டத்தின்வழி, மாணவர் படித்த நூல்களைப் பதிவேடுகளில் குறித்து வந்துள்ளோம். அப்பதிவேட்டைப் பார்வையிட்டுக் கையொப்பமிடும் ஆசிரியை, தான் இறுதியாகத் தனக்கென முழுமையாகப் படித்த நூல் எது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கிட்டவில்லையாயின், குறை அவளுடைய சோம்பலில் இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் அவளைச் சூழ்ந்துள்ளோர், அவளுக்கு அரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்தனரா என்பதையே முதலில் ஆராய வேண்டும்.