தலைக்கட்டு வரி நோட்டு

துடியலூர்ப் பக்கம் குலதெய்வக் கோயில் நோம்பிக்கு வரி எழுதும் நோட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தகப்பனார் பெயர், ஊர், கட்டிய தொகை, அவ்வளவுதான். மகன் தனிக்குடும்பமானால் புதுத் தலைக்கட்டாக ஏறுவான். பழைய நோட்டுகளை வரிசையாகப் புரட்டினால் ஒரு வம்சமே விரியும். பெண்மக்கள் பெயரை மட்டும் மொய் நோட்டில்தான் தேட வேண்டும். அது பெரிய குறை.

ஈரோட்டுப் புலவர் செ. இராசு, 2023-இல் மறையும் வரை, கொங்கின் செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித்தேடி அச்சேற்றினார். காடை, ஆந்தை, தூரன் என்று தம் குலக் கூட்டத்தின் பூர்வீகக் காணியூரைத் தேடுகிறவர்களுக்கு அவை பெரிய துணை. அதே அக்கறையோடு நோட்டையும் கிரயப் பத்திரத்தையும் போனில் படமெடுத்து, கேட்டவருக்கெல்லாம் காசு வாங்காமல் அனுப்புகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பாட்டன் பெயர் தெரியாதவருக்குப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர்’ என்ற ஒரு வரி போதும், அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்.