மீசை அரும்பும் வயதுக்கு ஒரு நீல மாத்திரை

கத்தோலிக்க மீனவர்கள் வாழும் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். தாய்மாமன் சீர் வரும், பந்தல் விழும், ஒலிபெருக்கி அலறும். அந்த ஆரவாரம் அவளுக்குத் தேவையா என்பது வேறு வழக்கு. அவளுக்கு நாலு வார்த்தை சொல்ல அத்தையோ ஆச்சியோ பக்கத்தில் இருக்கிறார்கள். அதே வீட்டுப் பையனுக்குக் குரல் உடைந்தால் கேலிதான் மிச்சம். புதுநன்மை, உறுதிபூசுதல் என்று திருச்சபை அவனுக்கும் சடங்கு வைத்திருக்கிறது. அவை ஆன்மாவோடு நின்றுவிடுகின்றன.

பாலியல் கல்வியில் அரசு ஏற்கெனவே கைவைத்துச் சூடுபட்டிருக்கிறது. 2005இல் வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் ஏற்க மறுத்தன. 2014 ஜனவரி 7இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் சாமர்த்தியமாக வேறு வாசலில் நுழைந்தது. 10 முதல் 19 வயது வரையானவர்களின் ஊட்டச்சத்து, மனநலம், போதை, வன்முறை ஆகியவற்றோடு இனப்பெருக்க நலத்தையும் சேர்த்துக் கட்டியது. எரிச்சல், கூச்சம், காரணமில்லாத கோபம் எல்லாம் உடம்பு மாறுவதோடு சேர்ந்தே வருபவை என்பதால், மனநலத்தை உள்ளே கொண்டுவந்ததே இதன் பெரிய பலம். ஊருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள் என்று சகவயதினரைக் கல்வியாளர்களாக்கும் யோசனையும் நல்லதே. பதினான்கு வயதுக்காரன் பெரியவர்களைவிடக் கூட்டாளியின் பேச்சைத்தான் நம்புகிறான்.

சிக்கல், ஊருக்குள் வரும்போது தொடங்குகிறது. கிராம சுகாதார செவிலியர் பெண். அங்கன்வாடிப் பணியாளரும் பெண். தூக்கத்தில் விந்து வெளியேறியதை அவர்களிடம் எந்தப் பையன் கேட்பான்? பெண்பிள்ளைகளுக்குப் 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் தரும்போது பேசவும் ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. பையனுக்கு வாய்ப்பது வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. அது ரத்தசோகைக்கு நல்லது. அதை விழுங்க எந்தப் பேச்சும் தேவையில்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று பாடமே இருக்கிறது. 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று ஆசிரியர் புரட்டிவிட்டால் அதுவும் முடிந்தது. சகவயதுக் கல்வியாளனும் இதே வகுப்பிலிருந்து வந்தவன்தான். பக்கபலமாக விஷயம் தெரிந்த ஓர் ஆண் இல்லாவிட்டால் அவனும் கேள்விப்பட்ட புரளியைத்தான் பரப்புவான்.

அந்த வெற்றிடத்தில் பிழைப்பவர்கள், லாட்ஜில் அறையெடுத்து ஆண்மைக்கு மருந்து விற்கும் வைத்தியர்கள். அவர்களுடைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், 'சொப்பன ஸ்கலிதம்', 'நரம்புத் தளர்ச்சி' என்ற எழுத்துகள் சுவரிலிருந்து கைப்பேசிக்குக் குடிபெயர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விட்டது என்று நடுங்கும் இந்த மனநிலைக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960இலேயே ஒரு நோய்ப்பெயர் கொடுத்தார். பையனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 9க்கும் 14க்கும் இடையில் முதலில் விதைப்பைதான் வளரத் தொடங்கும். தூக்கத்தில் விந்து வருவது இயல்பு. பாதிப் பையன்களுக்கு மார்பு லேசாக வீங்கும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே வடியும். மார்பு வீங்குவது இயல்பு என்று தெரியாமல் சட்டையைக் கழற்றாமலே கடலில் குளிக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

இன்னொரு ஓட்டை இதைவிடக் கடுமையானது. பாதுகாப்புப் பற்றிய பேச்சில் பையன் 'தப்பு செய்யக்கூடியவன்' என்ற இடத்தில் மட்டுமே வருகிறான். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் அவனுக்கும் பொருந்தும். பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் பையன்கள் என்று மத்திய அரசின் 2007 ஆய்வே காட்டியது. தன் உடம்பைப் பற்றிப் பேச வார்த்தை இல்லாதவன் அத்துமீறலை எப்படிப் புகார் செய்வான்?

அந்தப் பேச்சைத் தொடங்க இந்தக் கடற்கரையில் ஒரு நல்ல காலம் இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி, தருவைகுளம், வேம்பார் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் நாட்கள் இவை. பள்ளிக்கூடமும் பெரும்பாலும் விடுமுறையில் இருக்கும். அப்பாவும் மகனும் பகலில் ஒன்றாக வலை சரிபார்க்கும் இந்த இரண்டு மாதத்தைக் கோட்டைவிடக் கூடாது. மணப்பாட்டில் தடை பொருந்தாத நாட்டுப்படகுகள் அதிகம். அங்கே கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைதான் தோது. அப்பாக்கள் பேசுவார்களா? பெரும்பாலோர் மாட்டார்கள், அவர்களுக்கும் யாரும் சொன்னதில்லை. ஆகவே ஆண் சுகாதார ஆய்வாளர்கள் முதல் வகுப்பை வலைக்கூடத்தில் அப்பாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் எடுக்கட்டும். 'விதைப்பை' என்ற சொல்லை நாற்பது வயதுக்காரர் சிரிக்காமல் சொல்லிப் பழகுவதிலிருந்து அந்த வகுப்பைத் தொடங்கலாம்.