ஏல அறிவிப்புக்கு முன்னால்

வீட்டுக் கடன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, நீதிமன்றப் படி ஏறாமலே அடமான வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட வங்கியால் முடியும். முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். வீட்டைக் காக்கும் வழிகளின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்தக் கால வரிசையைப் பொறுத்தவை.

காவிரி டெல்டாவின் பாபநாசம் வட்டாரத்தில் நெல் காசு குறுவை அறுவடையிலும், தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடையிலும் வருகிறது. தவணையோ மாதாமாதம். 2023-இல் பாசனத்துக்கு ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணை அக்டோபர் 10-இலேயே மூடப்பட்டது. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. இத்தகைய ஆண்டுகளில் நிலமே இல்லாத கடைக்காரர், டிராக்டர் ஓட்டுநர் வீட்டிலும் தவணை தடுமாறும்.

அப்போது முதலில் கை போவது நகைக்கு. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது, ஓரிரு மாதத் தவணைதான் இடைவெளி என்றால் நகை அடகு நல்ல வழியே. கணக்கு கெடாமல் நிற்கும். வருமானமே அறுந்தவருக்கு அது ஒரு கடனை இரண்டாக்கும். நகை தீர்ந்தபின் கந்துவட்டி; கடைசியில் வீட்டோடு நகையும் போகும்.

இதைவிட உறுதியானது, தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்க் கடன் காலத்தை நீட்டிக்கக் கேட்பது. 9 சதவீத வட்டியில் பாக்கி 10 லட்சத்தை 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 12,670 ரூபாய். 15 ஆண்டானால் சுமார் 10,140. மாதச் சுமை 2,500 ரூபாய் குறைகிறது, மொத்த வட்டி ஏறத்தாழ 3 லட்சம் கூடுகிறது. வீடு தங்குவதற்கு அது கொடுக்கத்தக்க விலைதான். ஆனால் மாதக் கெடு மாறுவதில்லை. அறுவடையை ஒட்டித் தவணை வைப்பது பயிர்க்கடனில் இயல்பாக இருக்கிறது. டெல்டாவின் வீட்டுக் கடனுக்கும் அது வேண்டும்.

ஒரே தடவையில் குறைத்து அடைக்கும் சமரசத் தீர்வு பலருடைய நம்பிக்கை. அதை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கிடைத்தாலும் கடன் வரலாற்றில் அந்தத் தழும்பு நிற்கும்.

வருமானம் மீள வாய்ப்பில்லாதவருக்கு மேலான வழி, தானே வாங்குபவரைத் தேடி விற்பது. ஏலத்தில் விலை பெரும்பாலும் இறங்கும். அது கடனுக்குப் போதாவிட்டால் மீதியையும் வங்கி கேட்கலாம். நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கத்தில்தான் இந்த வழி அதிகம் தவறவிடப்படுகிறது.

சட்டப் பாதுகாப்பும் உண்டு. நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதினால், அதை ஏற்காத வங்கி 15 நாளில் காரணம் சொல்லவேண்டும். ஆனால் அந்தப் பதிலை மட்டும் வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கியபின் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கிறது, டெல்டாவில் இல்லை. நஞ்சை நிலம் இச்சட்டத்துக்கு வெளியே; மனையும் வீடும் உள்ளே. நிலம் விவசாய நிலமா என்பதைப் பதிவேடு மட்டுமே தீர்மானிப்பதில்லை, பயன்பாடும் பார்க்கப்படும் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

கடுமையான மாற்றம் 2016-இல் வந்தது. அதற்கு முன், விற்பனை நாள்வரை முழுத் தொகையைக் கட்டி வீட்டை மீட்கலாம். திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியானதோடு அந்த உரிமை முடிகிறது. 2023-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஏல நாளன்று பணத்தோடு ஓடிவரும் குடும்பத்துக்குக் கதவடைக்கும் இந்தத் திருத்தம் வங்கிக்கு வசதி, கடனாளிக்கு அநீதி. அது மாறும்வரை, முதல் நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைக்கும் பழக்கத்தை விடவேண்டும். 60 நாள் அதிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.