வெற்றிடமும் ஒளியும்

பருப்பொருளின்றிக் காட்சிக்கலை இல்லை என்பது நெடுங்காலமாக நிலவிவந்த கொள்கை. இக்கொள்கையை அசைத்த படைப்புக்களுள் ஒன்று, மார்ட்டின் கிறீட் என்னும் பிரித்தானியக் கலைஞர் 2000ஆம் ஆண்டில் ஆக்கிய 'படைப்பு 227: விளக்குகள் எரிதலும் அணைதலும்' என்பது. 2001ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள ரேற் கலைக்கூடத்தில் ஓர் அறை இதற்கென ஒதுக்கப்பட்டது. சுவரிற் படமில்லை, தரையிற் சிலையில்லை. விளக்குகள் 5 வினாடி எரிந்தன. 5 வினாடி அணைந்திருந்தன. அவ்வாண்டின் ரேணர் பரிசாகிய 20,000 பவுண் இவருக்கே வழங்கப்பட்டது.

இதுவும் கலையோ என வினவினோர் பலர். கைத்திறன் காணப்படாமையே அவர் கூறிய குற்றம். அக்கூற்றுப் பொருத்தமுடைத்தன்று. முன்பு கருதப்படாததைக் கருதச் செய்தலும் கலைஞன் தொழிலேயாம். கிறீட்டின் அறையிற் காட்சிப்பொருள் இன்மையால், ஒளி வருந்தோறும் சுவரும் மூலையும் உடன் நிற்போரும் கண்ணிற் படுகின்றனர், காண்போனே காட்சிப்பொருளாகின்றான். இஃது அப்படைப்பின் வெற்றி.

ஆயின், அதன் குறை வேறோரிடத்தில் உளது. அஃது இருளுக்குரிய காலத்தை அளிக்கவில்லை. விழித்திரையிலுள்ள கோற்கலங்கள் இருளுக்குப் பழகப் பல நிமிடங்கள் வேண்டும். 5 வினாடியில் இருள் ஒளியின் இன்மையாக மட்டுமே உணரப்படும். அதனுட் புலப்படத்தக்கது யாதென அறிய இயலாது.

இதற்கு மறுதலையானது, ஜேம்ஸ் டறெல் என்னும் அமெரிக்கக் கலைஞர் 1983ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க் நகரத்துக் கலை நூதனசாலையொன்றில் அமைத்த 'பிளேயடீஸ்'. கார்த்திகை மீன்கூட்டத்தின் மேனாட்டுப் பெயர் அது. காண்போன் இருண்ட சாய்வழியில் ஏறிச் சென்று, இருட்டறையில் நாற்காலியொன்றில் அமர்கின்றான். முதலில் யாதுந் தோன்றாது. ஏறத்தாழ 15 நிமிடம் பொறுத்திருப்போனுக்கு மங்கலானதோர் ஒளி எதிரே புலப்படுகின்றது. அது விளக்கின் ஒளியோ, தன் கண் ஆக்கிய தோற்றமோ எனத் துணிதல் அவனுக்கு அரிது. விரைந்து எழுந்து செல்வோனுக்கோ அவ்வறை வெற்றிடமே.

இருவரும் கையாண்டவை ஒளியும் வெற்றிடமுமே. வேற்றுமை காலத்தின்கண் உளது. கிறீட் காண்போனைத் திடுக்கிடச் செய்கின்றார். டறெல் அவனைக் காணப் பழக்குகின்றார். திடுக்கீடு முதன்முறையோடு தீர்வது. பழக்கமோ அறையை விட்டகன்ற பின்னும் கண்ணோடு நிற்பது. ஆதலின், கிறீட்டின் படைப்பு நல்லதொரு வினா எனின், டறெலின் படைப்பே நிறைந்த கலை எனல் தகும். அறையினுள் என்ன உளது என்பதன்று இத்தகைய கலைக்கு அளவுகோல். வெளிவருவோன் கண்ணில் என்ன மாறியுளது என்பதேயாம்.