அரக்கோணத்துக் கோர்வை

ராப் என்றால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் நம் ரசிகர்களில் அநேகம். "இது சங்கீதமா, சண்டையா?" என்று காஞ்சீபுரத்து நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பல்லவி என்றால் உயிரை விடுகிற மனிதர். "உங்கள் ஊர் நாயனாப் பிள்ளை கச்சேரிக்கு உட்கார்ந்தால் மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளத்தையே சுற்றிலும் உட்கார்த்தி வைத்துக்கொள்வாராமே, அது மட்டும் என்னவாம்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. சொல்லை லயத்தின் மேல் ஏற்றி நடத்துவது நமக்குப் புதிய வித்தை அல்ல. காஞ்சீபுரத்துக்கோ அது குலதனம் மாதிரி; 1934-ல் மறைந்த நாயனாப் பிள்ளையின் வழியைக் கேட்டு வளர்ந்துதான் டி. கே. பட்டம்மாள் பல்லவியில் பெயர் வாங்கினார். 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், இசைத்தட்டின் தாளப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் கறுப்பின இளைஞர்கள் பேச ஆரம்பித்ததிலிருந்து பிறந்தது ராப். தமிழில் அது 1994-ல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்' ஆக விளையாட்டாக வந்தது. 2006-ல் மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' தொகுப்பில் அதற்கு ஒரு மிடுக்கைக் கொடுத்தார்கள். பிறகு வந்தவர்களில் நான் விடாமல் கேட்டு வருகிறவர் ஒருவர்தான். அவர் பெயர் அறிவு.

அறிவரசு என்பது முழுப் பெயர். ஊர் அரக்கோணம், காஞ்சீபுரத்தில் ரயில் ஏறினால் சற்று நேரத்தில் போய் இறங்கிவிடலாம். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடை ஏறியது. டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாச பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பெயர். கானாப் பாடகர்களுக்கு நடுவே அதில் அறிவும் நின்றார். 2019-ல் ஆஃப்ரோ என்ற இசைஞருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளைத் தெருவுக்கு அழைத்து வந்த அந்தப் பெயரிலேயே ஆளின் குறும்பும் கோபமும் தெரிகின்றன.

'தெருக்குரல்' நல்ல வாதம். 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' போன்ற பாட்டுகளில் ஒரு கெட்டிக்கார வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிற தோரணை இருக்கிறது. எதுகை சறுக்குவதில்லை, மூச்சு தடுமாறுவதில்லை. ஆனால் வக்கீலின் குறையும் அதில் உண்டு. எல்லா அடியும் ஒரே சூட்டில் இருக்கிறது. எதிரி ஒருவன் எதிரே நின்றால்தான் பாட்டு நடக்கிறது. கேட்கிறவன் 'நியாயம்தான்' என்று ஒப்புக்கொள்கிறான். ஆனால் கண் கலங்குவதில்லை.

காஞ்சீபுரத்தில் 'கோர்வை' என்ற சொல் இரண்டு தொழிலுக்குப் பொது. மிருதங்கக்காரருக்கு அது, தனி ஆவர்த்தனத்தின் கணக்குகளையெல்லாம் இணைத்து இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. தறிக்காரருக்கு, புடவையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்துகொண்டே ஒன்றோடொன்று பின்னி இணைப்பது. மூன்று நாடா வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். நல்ல கோர்வையில் புடவை கிழிந்தாலும் இணைப்பு விடாது என்பார்கள்.

அப்படி ஒரு கோர்வை அறிவுக்கு 2021 மார்ச்சில் விழுந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரித்து, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'தான் அது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளியவள் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கையில் ஒரு காணி நிலம்கூட இல்லாமல் திரும்பி வந்தவள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். சர்க்கார் கணக்கில் தலைகள் மட்டும்தான் உண்டு. அந்தத் தலைகளுக்குள் இருந்த ஒப்பாரி கிடையாது. பேரன் அதைப் பாட்டில் கொண்டுவந்தார். இங்கே எதிரி யாரும் எதிரே நிற்கவில்லை. செடி கொடிகளையும் பிராணிகளையும் கூப்பிடுகிற குரல், களிப்பாகத் தொடங்கி, நாம் காலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே புலம்பலாக மாறிவிடுகிறது. வாதத்துக்கு மசியாத மனசு அதற்கு மசிந்தது. குழந்தைகள்கூடப் பாடினார்கள்.

புடவை நன்றாக அமைந்துவிட்டால் நெய்தவனை யார் கேட்கிறார்கள்? பெட்டியில் கடைப் பெயர்தான் இருக்கும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை, அறிவு எழுதிப் பாடிய இந்தப் பாட்டையும் அவர் எழுதிய 'நீயே ஒளி'யையும் சிறப்பிக்க அட்டைப்படம் போட்டது. தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அவருக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இதே பாட்டு அவர் இல்லாமல் ஒலித்தது. மெட்டும் சொல்லும் தன்னுடையவை என்றார் அறிவு. மெட்டு மூவரும் சேர்ந்து அமைத்தது என்றார் சந்தோஷ் நாராயணன். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால், தன் மக்கள் உழைத்த மண் அவர்கள் பெயரில் இல்லை என்று பாடிய ஒருவர், அந்தப் பாட்டிலேயே தன் பெயரைத் தேட வேண்டி வந்ததே, அந்த அநியாயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது.

இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு கலைஞன் பழையபடி வக்கீல் அங்கியை மாட்டிக்கொள்வது சுலபம். அறிவு அதைச் செய்யவில்லை. 'அம்பஸா' என்ற வாத்தியக் குழுவைச் சேர்த்துக்கொண்டு, 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய கோபமும் பாட்டியின் குரலும் இனி இரண்டு துணியல்ல. ராப்பின் வேகம் கிராமத்து மெட்டுக்குள் போய், மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பி வருகிறது. தொகுப்பின் தலைப்பையும் பாருங்கள். இந்தத் தடவை நெய்தவன் முந்தானையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டான். அதிலும் தன் பெயரைப் போடவில்லை, யாருடைய பேரன் என்பதை எழுதியிருக்கிறான்.

வாசகர்களுக்கு என் யோசனை இது: முதலில் 'தெருக்குரல்' கேளுங்கள், ஒரு வாரம் விட்டு 'வள்ளியம்மா பேராண்டி'யைக் கேளுங்கள். நடுவே உள்ள ஐந்து வருஷத்தில் ஒரு இளைஞர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பதை விமர்சகன் யாரும் சொல்லாமலே உங்கள் காது சொல்லிவிடும்.