உப்புக் கரைசலில் ஆக்சிஜனா?

வீட்டிலேயே நீரைப் பகுத்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெறலாம் என்னும் செய்முறைக் குறிப்புகள் சில, நீரில் சமையல் உப்பைச் சேர்க்கச் சொல்கின்றன. இது தவறு. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வரும். நேர்மின்வாயிலோ ஆக்சிஜனோடு நச்சு வாயுவான குளோரினும் வரும். உப்பு மிகுந்தால் குளோரினே மிகும். மேட்டூர் ஆலையில் குளோரின் தயாரிப்பதும் உப்புக் கரைசலிலிருந்துதான்.

குளோரின் நீரில் கரைவதால் 2:1 என்ற கன அளவு விகிதமும் கிடைக்காது. மாணவர் என்ன செய்வார்? கண்டதை விட்டுப் புத்தகத்தில் உள்ளதை எழுதுவார். அறிவியலுக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

உப்புக்குப் பதில் சலவைச் சோடா, 9 வோல்ட் மின்கலம், பென்சில் கரிக்குச்சிகள் போதும். வாயுக்களைத் தனித்தனிக் குழாய்களில் சேகரியுங்கள். நெருப்பு அருகில் வேண்டாம். கரி சிறிது ஆக்சிஜனை ஏற்பதால் விகிதம் சற்றுப் பிசகலாம். பிசகியதையே எழுதுங்கள்.